ரசமட்டத்துக் குமிழி எந்தப் பக்கம் ஓடும்?

தாராவித் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு பற்றிவிடும். சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி மும்பையின் தெருத்தெருவாகப் போகும் இட்லியும் மெதுவடையும் கிளம்புகிற முக்கியமான இடம் அது. உளுந்து பதமாக அரைபட்டதா என்று பார்க்க அங்கே கருவி எதுவும் கிடையாது. ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். மாவில் ஒரு சொட்டைக் கிள்ளிப் போடுவார்கள். மிதந்தால் வடை தட்டலாம். அடியில் போய் உட்கார்ந்தால் கிரைண்டருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்தச் சொட்டில் நடப்பது அடர்த்திக் கணக்கு. அரைக்க அரைக்க மாவுக்குள் காற்று அடைபடுகிறது. எடை கூடாமல் பருமன் மட்டும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் மாவு, அதே பருமனுள்ள தண்ணீரைவிட லேசாகிவிடுகிறது. ஆர்க்கிமிடீஸின் விதியை அவர் பெயர் தெரியாமலேயே தினமும் சோதித்துப் பார்க்கும் கைகள் தாராவியில் நிறைய உண்டு.

பூமி தட்டை என்று வாதிடுகிறவர்களும் இந்தக் கிண்ணத்தைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். ஈர்ப்பு விசை என்று ஒன்றில்லை, சுற்றியிருக்கும் காற்றைவிட அடர்த்தி கூடினால் பொருள் கீழே போகும், குறைந்தால் மேலே போகும், இதற்கு மேல் எந்த விளக்கமும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கு இது தேவையும்கூட. உருண்டைப் பூமியின் எல்லாப் பக்கத்திலும் மனிதனும் கடலும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு ஈர்ப்புதான் காரணம். அந்த ஒரு ஆணியைப் பிடுங்கிவிட்டால் உருண்டை தானே சரிந்துவிடும் என்பது நம்பிக்கை. இதைக் கேட்டு உடனே சிரித்துவிடுவது தவறு. சமையலறையில் கண்ணால் பார்க்கும் அத்தனைக்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது. இரும்பு மூழ்குகிறது, தக்கை மிதக்கிறது, ஹீலியம் பலூன் கூரையில் போய் முட்டுகிறது. இதில் எதையும் ஓர் இயற்பியல் ஆசிரியர் மறுக்க மாட்டார்.

குர்லாவில், மித்தி ஆற்றங்கரைப் பக்கத்து வீடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். காலேஜுக்குப் போகும் மருமகன், டாக்சி ஓட்டும் தாய்மாமன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

"மாமா, ஈர்ப்பு விசைன்னு ஒண்ண நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா? கல்லு காத்தவிட கனம், அதான் விழுது. பலூன் லேசு, அதான் மேல போவுது. இதுக்கு நடுவுல நியூட்டன் எதுக்கு?"

"சரிடே மருமவனே. கனமானது கீழ போவுது, ஒத்துக்கிடுதேன். கீழன்னா எந்தப் பக்கம்?"

"கீழன்னா... கீழதான்."

விவாதம் முழுவதும் அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது. அடர்த்தி என்பது வெறும் எண். தண்ணீருக்கு லிட்டருக்கு 1 கிலோ, தங்கத்துக்கு 19.3 கிலோ, குர்லாவின் காற்றுக்கு ஏறக்குறைய 1.2 கிராம். எண்ணுக்குத் திசை கிடையாது. 19.3 என்ற எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், தங்கம் தரையை நோக்கிப் போகுமா சுவரை நோக்கிப் போகுமா என்று அது சொல்லாது. யாரோ ஒருவர் வந்து, "இந்தப் பக்கம்தான் கீழே" என்று முதலில் காட்டித்தர வேண்டும்.

மிதப்பு விசை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் அந்த ஆள் யார் என்று தெரிந்துவிடும். தண்ணீருக்கு எடை உண்டு. அதனால் மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருப்பதை அழுத்துகிறது. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுகிறது. தண்ணீருக்குள் இருக்கும் பொருளின் அடிப்பக்கத்தில் அழுத்தம் அதிகம், மேல்பக்கத்தில் குறைவு. இந்த வித்தியாசம்தான் பொருளை மேலே தள்ளுகிறது. ஆக, மிதப்பு விசைக்கு அடர்த்தியும் பருமனும் மட்டும் போதாது. எடையைத் தருகிற ஈர்ப்பும் வேண்டும். சூத்திரத்தில் மூன்றும் பெருக்கலில் நிற்கின்றன. ஈர்ப்பு இருந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டால் விடையும் பூஜ்யம். தட்டைப் பூமிக்காரர்கள் ஈர்ப்புக்குப் பதிலாகக் கொண்டுவந்து நிறுத்தும் மிதப்பு, ஈர்ப்பு பெற்ற பிள்ளை.

சூத்திரத்தை நம்பாதவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஆணியால் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தால் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சும். இனி அந்தப் பாட்டிலை, சால் எனப்படும் மும்பை வரிசைவீட்டுக் கட்டடத்தின் முதல் மாடி வராந்தாவிலிருந்து, கீழே ஆள் நடமாட்டம் இல்லாதபோது, நிமிர்ந்தபடியே விழவிட வேண்டும். கீழே நிற்பவர் செல்போனில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: விழுகிற அந்த முக்கால் நொடிக்கு ஓட்டையிலிருந்து தண்ணீர் வருவதில்லை. தண்ணீரின் அடர்த்தி மாறவில்லை, காற்றின் அடர்த்தியும் மாறவில்லை. பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாகவே விழுவதால், ஒன்றின் மேல் ஒன்று எடையாக உட்காரவில்லை. எடை போனதும் அழுத்தம் போய்விட்டது. அழுத்தம் போனால் மிதப்பும் போய்விடும். விண்வெளி நிலையத்தில் கொதிக்கும் தண்ணீரின் குமிழிகள் மேலே வராமல் நின்ற இடத்திலேயே பெருத்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். ஆனால் தட்டைப் பூமிக்காரரிடம் விண்வெளி நிலையத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அது ஸ்டூடியோவில் எடுத்தது என்பார். 1971 ஆகஸ்டில் நிலவின் வெற்றிடத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாகப் போட்டு, இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டதைக் காட்டினாலும் அதே பதில்தான். சால் வராந்தாவை அப்படித் தள்ளிவிட முடியாது.

இதைவிட நல்ல சோதனை குர்லா ஸ்டேஷனில் காத்திருக்கிறது. கொத்தனார்களின் ரசமட்டம் எல்லோரும் பார்த்ததுதான்: கண்ணாடிக் குழாயில் திரவம், அதில் ஒரு குமிழி. தண்ணீர் பாட்டிலில் ஒரு கோலிக்குண்டு அளவு காற்றை விட்டு மூடிப் படுக்கவைத்தால் அதுவும் ரசமட்டம்தான். குர்லாவில் ஸ்லோ லோக்கலில் ஏறி (காலை எட்டரை மணிக்கு இதற்கு முயல வேண்டாம், உட்கார இடம் கிடைக்கிற ஞாயிறு மதியம் நல்லது) பாட்டிலை ரயில் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கையில் படுக்கவைத்து, உருளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி நிற்கும்போது குமிழி நடுவில். வண்டி கிளம்பி வேகமெடுக்கும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் பின்னால் சாய்வார்கள். பாட்டிலுக்குள் தண்ணீரும் பின்னால் ஒதுங்கும். குமிழி மட்டும் முன்னால், அடுத்த ஸ்டேஷனான சயான் பக்கம் ஓடும். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் நடுவுக்குத் திரும்பும். சயானில் பிரேக் பிடிக்கும்போது ஆட்கள் முன்னால் சாய, குமிழி பின்னால் குர்லாவை நோக்கி ஓடும்.

குமிழி தண்ணீரைவிட லேசு. ரயில் நின்றபோதும் லேசுதான், ஓடும்போதும் லேசுதான். அடர்த்தி மட்டுமே முடிவு செய்கிறதென்றால் அது நடுவிலேயே நிற்க வேண்டும். முன்னும் பின்னும் ஓடுவானேன்? வண்டி முடுக்கம் பெறும்போது பெட்டிக்குள் இருப்பவற்றுக்குப் பின்பக்கமாக ஓர் இழுப்பு சேர்ந்ததைப் போல ஆகிறது. பெட்டியின் 'கீழே' கொஞ்சம் பின்னால் சாய்கிறது. தண்ணீர் அந்தப் புதிய கீழேயைத் தேடிப் போகிறது, குமிழி அதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. மிதப்புக்கென்று சொந்தத் திசை கிடையாது. விசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேரெதிர்ப் பக்கம் மிதப்பு. லோக்கல் ரயிலின் முடுக்கத்துக்கு 'கீழே' ஏறக்குறைய 3 டிகிரி சாயும். குமிழி ஓட அது தாராளம். மூடிய காரில் ஹீலியம் பலூனைக் கட்டிவைத்தாலும் இதே கூத்து இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் தெருவில் விற்கும் பலூன்களில் பல ஹைட்ரஜன் அடைத்தவை, தீப்பிடிக்கும். பாட்டிலே நல்லது.

காற்றின் மிதப்பு பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறக்குறைய 60 லிட்டர் காற்றை விலக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தக் காற்றின் எடை 70 கிராம். அவ்வளவுக்குக் காற்று அவரைத் தூக்கிக்கொடுக்கிறது. உண்மையான விசை, ஆனால் மிகச் சிறியது. அது எவ்வளவு சிறியது என்பதைத் தங்கக் கடையில் பார்க்கலாம்.

பழைய இரட்டைத் தட்டுத் தராசை உலகில் எங்கே கொண்டுபோனாலும் ஒரே விடைதான் வரும். ஈர்ப்பு மாறினாலும் இரண்டு தட்டிலும் ஒன்றாகவே மாறும். எலக்ட்ரானிக் தராசு அப்படியல்ல. தட்டுக்கு அடியில் இருக்கும் உலோகத் துண்டு எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து எடை சொல்கிறது. ஈர்ப்பு குறைந்தால் அது ஏமாந்துபோகும். டெல்லியில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 9.791 மீட்டர். மும்பையில் ஏறக்குறைய 9.786, சென்னையில் 9.783. பூமி சுழல்வதாலும், அதனால் நடுப்பகுதி புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த எண் குறைகிறது. டெல்லியில் சரிபார்த்த துல்லியமான தராசை அப்படியே மும்பைக்குக் கொண்டுவந்து ஒரு கிலோ தங்கக் கட்டியை வைத்தால் அரை கிராம் குறைத்துக் காட்டும். சென்னைக்குக் கொண்டுபோனால் முக்கால் கிராமுக்கும் மேல் குறையும். அதனால்தான் துல்லியத் தராசுகளை, பயன்படுத்தும் ஊரிலேயே படிக்கல்லை வைத்துத் திருத்துகிறார்கள்.

டெல்லிக் காற்றும் மும்பைக் காற்றும் வேறு, அந்த வித்தியாசம்தான் இது என்று மருமகன் சொல்லலாம். நல்ல கேள்வி, கணக்கும் எளிது. ஒரு கிலோ தங்கத்தின் பருமன் 52 மில்லிலிட்டர். அது விலக்கும் காற்று மொத்தமே 0.06 கிராம். கடையிலிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தால்கூட அவ்வளவுதான் மாறும். அரை கிராமுக்கு அது எங்கே காணும்? அதோடு, ஈர்ப்பே வேண்டாம், பூமித் தட்டே மேல்நோக்கி முடுக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் விழுவதுபோல் தெரிகிறது என்று தட்டைப் பூமிக்காரர்களில் இன்னொரு பிரிவு சொல்வதும் இந்தத் தராசில் நிற்காது. ஒரே தட்டு என்றால் டெல்லிக்கும் சென்னைக்கும் ஒரே முடுக்கம் வரவேண்டுமே. பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் தென்னமெரிக்காவின் கயேனில் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதை வானியலாளர் ழான் ரிஷே 1672-லேயே கண்டார். ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் நேரத்தைச் சரிசெய்ய முடிந்தது.

குர்லாக்காரர்களுக்கு ஈர்ப்பு வேறொரு வழியிலும் பழக்கம். மழைக்காலம் தொடங்குமுன் மும்பை மாநகராட்சி ஒரு பட்டியல் வெளியிடும்: எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு, கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் என்று. பட்டியலில் உள்ள நாளில் கனமழையும் சேர்ந்தால் மித்தி ஆறு மாஹிம் முகத்துவாரத்தில் வடியாமல் திணறும். கிராந்தி நகர் போன்ற கரையோரக் குடியிருப்புகளில் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்தப் பிற்பகலின் ஏற்றமும் கூடச் சேர்ந்துகொண்டது. அந்த மாதிரி வெள்ளத்தில் சமையல் கேஸ் சிலிண்டர் மிதந்து போவதைப் பார்த்தவர்கள் காலி சிலிண்டர் என்றே நினைப்பார்கள். இருக்க வேண்டியதில்லை. 14.2 கிலோ எரிவாயுவும் சிலிண்டரின் சொந்த எடையும் சேர்ந்து 30 கிலோவை ஒட்டி வரும். ஆனால் அதன் உட்கொள்ளளவு மட்டுமே 33 லிட்டருக்கு மேல். நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். அடர்த்தியும் மிதப்பும் அவ்வளவு கறாராகத் தங்கள் வேலையைச் செய்கின்றன.

ஆனால் கடல் ஏன் அந்த நேரத்தில் ஏறியது? கடல்நீரின் அடர்த்தி காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறுவதில்லை. ஏற்றம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நிலவு தலைக்கு மேல் வரும் நேரமும் அப்படியேதான் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிது. மராட்டியில் பர்த்தி, ஓஹோட்டி என்று பேசுகிற கோலி மீனவர்களுக்குத் திதி தெரிந்தால் போதும், கடலின் குணம் தெரிந்துவிடும். மும்பையின் அப்போலோ பந்தரில் 1878 முதல் கடல்மட்டத்தைப் பதிவுசெய்து வருகிறார்கள். இந்தியத் துறைமுகங்களின் ஏற்ற நேரத்தை முன்கூட்டியே கணிக்க 1879-இல் லண்டனில் பல்சக்கரங்களால் ஓர் இயந்திரமே செய்தார்கள். நிலவும் சூரியனும் இழுக்கும் இழுப்பை ஒவ்வொரு சக்கரமாகப் பிரித்துக் கூட்டித் தந்தது அது. இன்றைய பட்டியலும் அதே கணக்கின் வாரிசுதான். ஈர்ப்பை நம்பாதவரும் குர்லாவில் குடியிருந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஸ்கூட்டரை மேட்டில் நிறுத்துகிறார்.

'கீழே என்றால் எந்தப் பக்கம்' என்று மாமன் கேட்ட கேள்வி புதிதல்ல. குர்லாவின் லோக்மான்ய திலக் டெர்மினஸிலிருந்து (பழைய ஆட்களுக்கு அது இன்னும் குர்லா டெர்மினஸ்தான்) வடக்கே கிளம்பும் ரயில்கள் பல சாலிஸ்காவ் வழியாகப் போகின்றன. அந்த ஊருக்கு அருகே பாட்டணே என்ற இடத்தில் 1207-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வானியலாளர் இரண்டாம் பாஸ்கரரின் நூல்களைக் கற்பிக்க அவருடைய பேரன் சாங்கதேவர் மடம் நிறுவியதைச் சொல்லும் கல்வெட்டு அது. 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில் பாஸ்கரர், பூமிக்குத் தன் பக்கம் இழுக்கும் ஆற்றல் உண்டு, அதனால் இழுபடும் பொருள் நமக்கு விழுவதாகத் தெரிகிறது என்கிறார். அப்படியானால் ஆதாரமில்லாத பூமி ஏன் விழவில்லை? நாலாபக்கமும் ஒரே வெளி, அது எங்கே போய் விழும் என்று திருப்பிக் கேட்கிறார். தட்டையாகத் தெரிவதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு: பெரிய வட்டத்தின் சுற்றளவில் நூறில் ஒரு பங்கை மட்டும் பார்த்தால் நேர்கோடாகத்தான் தெரியும், மனிதனோ அதைவிட மிகச் சிறியவன். அவருக்கும் முன்னால், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த லல்லர், பூமி சமதரை என்றால் தொலைவிலுள்ள உயரமான மரங்கள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கேட்டிருக்கிறார். புராணங்களின் தட்டை உலகத்தோடு வாதாடியவர்கள் இவர்கள்.

அடர்த்தி, மிதப்பு, ஈர்ப்பு மூன்றையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒன்றாகக் கோர்த்த பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இந்திய மண்ணிலிருந்தே வந்தது. 1802 ஏப்ரலில் சென்னையில் பரங்கிமலையை ஒட்டி வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பல ஆண்டுகளுக்குப் பின் வடக்கே போனபோது ஒரு சிக்கலில் மாட்டியது. கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையிலான அட்சரேகை வித்தியாசத்தை நிலத்தில் அளந்தால் ஒன்று, நட்சத்திரத்தை வைத்துக் கணித்தால் இன்னொன்று. இரண்டுக்கும் 5.236 விநாடிக் கோணம் பொருந்தவில்லை. தரையில் அது 160 மீட்டர். இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று சந்தேகித்தார் கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் ஹென்றி பிராட். உட்கார்ந்து கணக்குப் போட்டார். விடை 15.885 விநாடி வந்தது. மலை இழுக்கிறது, ஆனால் அதன் பருமனுக்கு உரிய அளவு இழுக்கவில்லை. 1855-இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி விளக்கம் சொன்னார்: மலைக்கு அடியில் லேசான பாறை ஆழமான வேராக இறங்கி, தன்னைவிடக் கனமான அடிப்பொருளில் மிதக்கிறது. தாராவிக் கிண்ணத்து மாவுச் சொட்டு போலத்தான் இமயமலையும். அது மிதப்பதை வெளியே சொன்னது, ஈர்ப்பால் கொஞ்சம் சாய்ந்த ஒரு தூக்குக்குண்டு.

இதையெல்லாம் சொன்னால் எதிராளி ஒப்புக்கொள்வாரா என்பது வேறு கதை. டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வைக் கண்ட ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1870-இல் ஜான் ஹாம்ப்டன் என்ற தட்டைப் பூமிக்காரரோடு 500 பவுண்டுக்குப் பந்தயம் கட்டி, பெட்ஃபோர்டு கால்வாயின் ஆறு மைல் நீளத்தில் நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டி ஜெயித்தார். ஹாம்ப்டன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுக்கணக்கில் அவதூறுக் கடிதங்கள் எழுதி, சிறைக்கும் போய்வந்தார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்பதால் வாலஸ் பணத்தையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கப் பாதிரியார் வில் டஃபி சில தட்டைப் பூமிக்காரர்களை அண்டார்க்டிகாவுக்கே அழைத்துப் போனார். 24 மணி நேரமும் சூரியன் மறையாததைப் பார்த்த அவர்களில் ஒருவரான ஜெரன் காம்பனெல்லா, தான் நினைத்தது தவறு என்று கேமரா முன்னாலேயே சொன்னார். போகாதவர்களில் பலர், அதுவும் ஸ்டூடியோவில் எடுத்த படம் என்றார்கள்.

குர்லா மருமகனும் பாட்டிலைப் பார்த்தவுடன் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட மாட்டான். "தண்டவாளம் அந்த எடத்துல சரிஞ்சிருக்கும் மாமா, அதான் குமிழி ஓடுது" என்பான். கேட்க வேண்டிய கேள்விதான், சரிந்த தளத்தில் ரசமட்டக் குமிழி ஓடத்தானே செய்யும். தண்டவாளச் சரிவு என்றால், ரயில் அங்கே நின்றுவிட்ட பிறகும் குமிழி ஒரு பக்கமாகவே ஒதுங்கியிருக்க வேண்டும். பிரேக்கினால் என்றால், வண்டி நின்ற மறுநொடி நடுவுக்கு வந்துவிட வேண்டும். சயான் பிளாட்பாரத்தில் வண்டி அரை நிமிடம் நிற்கும். பார்க்க அது போதும்.